அறுபத்தேழு வயதில் என் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு: சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வழியாக

ஆடி மாதத்தில் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். நான் அந்த ஆடியில்தான் தான்சானியாவின் டார் எஸ் சலாமிலிருந்து கிளம்பினேன். கோயில் குளம் பார்க்கவோ கல்யாணத்துக்கோ அல்ல. வங்கியில் என் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்குவதற்காக. வெளிநாட்டில் வசிக்கிற, அறுபது தாண்டிய யாராவது இதே வேலையாக ஊருக்கு வர நினைத்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் சரோஜா. வீட்டுக்காரர் கந்தசாமி திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் தொழில் செய்தவர். அவர் காட்டுக்குள் துளை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் டார் எஸ் சலாமில் உதிரிபாகக் கடையை நடத்தினேன். இருபத்தெட்டு வருடமாகிறது, கடை இன்னும் ஓடுகிறது. அவர் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார்.

அவர் கார்டில் எனக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு, அதாவது துணை கார்டு, இருந்தது. அவர் இறந்ததை வங்கிக்கு மெயிலில் தெரிவித்தேன். மேலே அச்சடித்திருக்கும் தேதி வரைக்கும் என் கார்டு செல்லும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு சரக்கு வாங்க நைரோபி போனபோது ஓட்டல் வரவேற்பில் கார்டு நிராகரிக்கப்பட்டது. பணமாகத் தருகிறேன் என்றேன். அறை எடுப்பவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். என் தொழில் போட்டியாளர் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன், அவர் வந்து தன் பெயரில், தன் கார்டில் அன்று எனக்கு அறை எடுத்துக் கொடுத்தார். அறை போனால் போகிறது. ஆஸ்பத்திரியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை.

தான்சானியாவில் இரண்டு வங்கிகளில் கேட்டேன். வேற்று நாட்டுக்காரி, இரண்டு வருட பெர்மிட், வயது அறுபத்தேழு. இரண்டும் கைவிரித்தன. மெல்போர்னில் இருக்கும் என் மகள், "என் கார்டில் ஆட்-ஆன் எடுத்துத் தருகிறேன்" என்றாள். ஒருவர் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியதன் பலனைத்தான் பார்த்துவிட்டேனே. வேண்டாம் என்றேன்.

சரி, ஊரில் எங்கள் பழைய வங்கியில் ஆன்லைனில் விண்ணப்பிப்போம் என்று உட்கார்ந்தேன். ஓடிபி வீட்டுக்காரரின் பழைய இந்திய எண்ணுக்குப் போய்விட்டது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் அது, இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கூப்பிட்டேன். சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர் எடுத்தார். பெயர் செல்வராசு.

"தம்பி, இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுப்பா" என்றேன்.

"வந்திருக்குதுங்கம்மா. ஆனா யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே."

"அது என் கணக்குதான்."

"இருக்கும்ங்க. நீங்க நல்லவங்களாவே இருக்கலாம். தப்பா நெனைக்காதீங்க, சொல்ல மாட்டனுங்க. பேங்குக்கு நேர்ல போயி நம்பரை மாத்திக்குங்க."

போனை வைத்ததும் கோபம் வந்தது. பத்து நிமிடம் கழித்துச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலமே டிக்கெட் பார்த்தேன்.

பெங்களூரில் இறங்கி, அங்கிருந்து சேலத்துக்குப் பஸ். 200 கிலோமீட்டர், நாலரை மணி நேரம், 420 ரூபாய். தொப்பூர் கணவாயில் மட்டும் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. சேலம் புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1,350 ரூபாய்க்கு அறை எடுத்தேன். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் பார்த்த லாட்ஜில் இல்லை. என் முழங்கால் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குச் சேலம் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இந்த வயதில் வருமானத்தைக் காட்டிச் சாதாரண கார்டு வாங்குவது கடினம். ஆனால் வைப்புத்தொகையின் பேரில் தரும் கார்டு உண்டு, அதற்கு அவர்கள் வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அதற்கு முன் எங்கள் கூட்டுக் கணக்கிலிருந்து வீட்டுக்காரர் பெயரை நீக்கி, போன் எண்ணை மாற்ற வேண்டும். அதைக் கணக்கு தொடங்கிய கிளையில்தான் செய்ய முடியும். அந்தக் கிளை திருச்செங்கோட்டில் இருக்கிறது. இதை டார் எஸ் சலாமிலிருந்தே போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் காலை 7.40க்கு ஈரோடு பஸ் ஏறி, ஒரு மணி நேரத்தில் சங்ககிரியில் இறங்கினேன். அங்கிருந்து திருச்செங்கோட்டுக்கு வேறு பஸ் மாற வேண்டும். இறங்கியதும் செல்வராசுவைக் கூப்பிட்டேன். லோடு கிடைக்காமல் ஊரில்தான் இருந்தார். லாரிப் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் சந்தித்தோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அன்னைக்குச் சொல்லாததுக்குக் கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார்.

"நீங்க செஞ்சதுதான் சரிங்க. நானே கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

இந்த எண்ணை வாங்கிய புதிதில் கந்தசாமி அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டு நிறையப் பேர் கூப்பிட்டார்களாம். "அண்ணன் போர்வெல் போட்டுத் தண்ணி வந்த தோட்டத்துக்காரர் ஒருத்தர் பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுறாருங்க. அவர் இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களே. வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிட்டிருந்தேன்."

அந்தத் தோட்டத்துக்காரர் எண்ணை வாங்கிக்கொண்டேன். அடுத்த தடவை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். டீக்குக் காசு கொடுக்க அவர் விடவில்லை.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டில் சம்பாதிக்கிற நான் இதை வாங்கலாமா என்று யோசித்தபடியே இருபது ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் அதைப் பார்க்கவே இல்லை, சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜன்னலில் ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. மரவள்ளிக் காடுகள், கல்லூரி பஸ்கள், வரிசையாக நிற்கும் ரிக் லாரிகள். நிற்கிற ரிக்கைப் பார்த்தால் அது எந்த ஊருக்குப் போகக் காத்திருக்கிறது என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

திருச்செங்கோட்டுக் கிளையில் என் வேலையைப் பார்த்தவர் நஸ்ரின் என்ற இளம் அதிகாரி, சேலத்துக்காரர். தூதரக முத்திரையோடு இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்திருந்ததால் பெயர் நீக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது. சிக்கல் கையெழுத்தில் வந்தது. பாஸ்போர்ட்டில் நான் போடுவது ஆங்கிலக் கையெழுத்து. கணக்கு தொடங்கியபோது போட்டது தமிழில், "க. சரோஜா" என்று.

"புதுக் கையெழுத்து பதிவு பண்ணிடலாம்மா. அதுக்கு முன்னாடி பழைய கையெழுத்தை ஒரு தடவை போட்டுக் காட்டணும்" என்றார் நஸ்ரின்.

இருபத்தெட்டு வருடமாக அந்தக் கையெழுத்தை நான் போட்டதே இல்லை. முதல் தடவை போட்டதைப் பார்த்து நஸ்ரின் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதும் பொருந்தவில்லை. மூன்றாவதுக்குப் பேனாவை எடுத்தேன், அந்த "க" எழுதும்போது கை நின்றுவிட்டது. அது அவர் பெயரின் எழுத்து. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவர் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருந்தேன்.

"அவசரமே இல்லம்மா. சாப்பிட்டுட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றார் அந்தப் பெண்.

எதிரே மெஸ்ஸில் 90 ரூபாய்க்குச் சாப்பாடு. ரசத்துக்குக் காத்திருக்கும்போது பில் துண்டின் பின்பக்கம் இருபது தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டரை மணிக்குத் திரும்பிப் போய்ப் போட்ட கையெழுத்து பொருந்திவிட்டது. நஸ்ரின் என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டார்.

புது போன் எண்ணைப் பதிந்து, இரண்டு லட்சம் ரூபாய் வைப்பில் போட்டு, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன். வைப்பில் எண்பது சதவீதம் கார்டின் வரம்பு. இது என் வங்கியின் கணக்கு, உங்களுடையதில் வேறாக இருக்கலாம். வெளிநாட்டு முகவரிக்குக் கார்டு அனுப்ப மாட்டார்களாம். கிளைக்கே வரவழைத்தார்கள். ஏழு வேலை நாள் ஆகும் என்றார்கள்.

அதுவரை என் வீட்டுக்காரரின் தங்கை தங்கமணி வீட்டில் தங்கினேன். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள். அறுபத்தொரு வயதிலும் என்னைப் பார்த்தால் சின்னப் பெண் மாதிரி "நங்கே" என்று ஓடிவருவாள். அவள் வீட்டுக்காரரும் ரிக் தொழில்தான், இப்போது மலாவியில் இருக்கிறார். "ஆடியில போயி எதுக்கு நங்கே இந்த வேலை?" என்று முதல் நாள் கேட்டாள். ஆடியில் வங்கியில் கூட்டம் குறைவு என்றேன்.

ஐந்தாம் வேலை நாள் செய்தி வந்தது. விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. நஸ்ரினிடம் ஓடினேன். பழைய பதிவில் என் தொழில் "இல்லத்தரசி" என்று இருக்கிறது, புது விண்ணப்பத்தில் நான் "சுயதொழில்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாமக்கல் அலுவலகத்தில் கோப்பு நிற்கிறதாம்.

"இல்லத்தரசின்னே விட்டுட்டா நாளைக்கே கிளியர் ஆயிடும்மா" என்றார் தயங்கியபடி. "இல்லன்னா நீங்க நேர்ல போய் ஆதாரம் காட்டணும். இன்னும் மூணு நாலு நாள் இழுக்கும்."

திரும்பும் விமானம் ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட்டை மாற்ற 6,200 ரூபாய். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டு வேலையை நான் குறைவாக நினைக்கிறவள் அல்ல, அதையும் செய்தவள்தான். ஆனால் பாரம் இறக்கி, ஆள் வைத்து, வரி கட்டி, அவர் போன பிறகும் ஒரு நாள் பூட்டாமல் கடையை ஓட்டியது யார்? டிக்கெட்டை மாற்றினேன்.

நாமக்கல் 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 38 ரூபாய். கேட்டவுடன் தங்கமணியும் கூட வந்தாள். அலுவலகத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கோப்பைத் திறந்தார்.

"எப்படியும் கார்டு வரத்தானுங்க போகுது. தொழில் பேரை எதுக்குங்க மாத்தணும்?"

"அந்தக் கடையை நடத்தறது நானுங்க" என்று சொல்லி உரிமத்தை எடுத்து வைத்தேன்.

உரிமம் சுவாஹிலியில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். "இது என்னுங்க பாஷை?"

"நான் படிக்கறனுங்க, நீங்க எழுதிக்குங்க." முதல் வரியைப் படித்தேன். "லெசேனி யா பியாஷாரா. வியாபார உரிமம்."

"பியாஷாரா... வியாபாரம் மாதிரியே இருக்குதுங்களே!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வரிக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். வரி வரியாக நான் சொல்ல, அவர் எழுத, கடைசியில் என் கையெழுத்தை வாங்கினார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எழுந்தபோது, "அங்க ஊரெல்லாம் தண்ணி எத்தனை அடியிலங்க கிடைக்குது?" என்று கேட்டார். நாமக்கல்லில் யாரிடம் பேசினாலும் கடைசியில் தண்ணீர் எத்தனை அடி என்பதில்தான் வந்து நிற்கும்.

வெளியே வந்து மலைக்கோட்டையைக் கீழே நின்றே பார்த்தோம். முழங்கால் இருப்பவர்கள் ஏறுங்கள், மேலே காற்று நன்றாக இருக்குமாம். ஆளுக்கு இரண்டு முட்டை தோசை, 180 ரூபாய். பஸ்ஸில் தங்கமணி என் உரிமத்தைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கார்டு அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. உறையைப் பிரித்து, தள்ளிப் பிடித்துப் படிக்கிற சின்ன எழுத்தில் என் பெயர் மட்டும் இருந்ததை நஸ்ரின் மேஜையிலேயே இரண்டு தடவை படித்தேன். அங்கேயே, மகளைப் பார்க்க மெல்போர்னுக்கு ஒரு விமான டிக்கெட் போட்டேன். ஓடிபி என் போனுக்கே வந்தது.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கணவன், மனைவி இருவரும் இருக்கும்போதே ஆளுக்கொரு கார்டு வாங்கிவிடுங்கள், ஆட்-ஆன் என்பது அடுத்தவர் குடை. ஊர் போன் எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். வருவதற்கு முன் எந்தக் கிளை, என்னென்ன அசல் காகிதம் என்று போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பெர்மிட், பான், வெளிநாட்டு முகவரிச் சான்று, தொழில் ஆதாரம் எல்லாமே எனக்குத் தேவைப்பட்டன. வெளிநாட்டு இறப்புச் சான்றிதழுக்கு அங்கேயே தூதரகத்தில் முத்திரை வாங்குங்கள். பத்து நாளில் முடியும் என்பார்கள், பதினைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். வயதைச் சொல்லி மறுத்தால், வைப்பின் பேரில் தருவீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் பல இடங்களில் அவர்களாகச் சொல்வதில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தங்கமணி என்னைத் திருச்செங்கோடு பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். 9.40 சேலம் பஸ் வந்து நின்றது. பையை எடுத்தேன், அவள் கைப்பிடியை விடவில்லை.

"நங்கே, உங்களுக்குப் பெங்களூர்ல பிளைட் எத்தனை மணிக்கு?"

"நாளைக்குக் காலையில. ஏன் அம்மிணி?"

"அப்ப மத்தியான பஸ்ஸுக்குப் போனா ஆகாதுங்களா?" முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். பாஸ்புக், பான் கார்டு, இரண்டு போட்டோ. "பேங்கு பத்து மணிக்குத் தொறந்துருவாங்க. அந்தப் புள்ளைகிட்ட எனக்கும் ஒரு கார்டுக்கு அப்ளிகேசன் பாரம் கேக்கோணும். தனியாப் போகக் கூச்சமா இருக்குது."

பஸ் கிளம்பிப் போனது. நாங்கள் ஆட்டோ பிடித்தோம். அறுபது ரூபாய். தங்கமணி கொடுத்தாள்.