தபிரி மடக்கிய குடை

குவாபெனா தபிரிக்கு வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்த் தலைவர் நானாவுக்குக் குடை பிடித்த தோள் அது. ஒரு கட்டில் அகலத்துக்கு விரிகிற சிவப்புப் பட்டுக் குடையைச் சும்மா தூக்கிக்கொண்டு நிற்பது பெரிய காரியமில்லை. அதை ஆட வைக்க வேண்டும். மேளம் ஏறினால் குடை துள்ள வேண்டும். மேளம் தணிந்தால் குஞ்சம் மட்டும் அசைய வேண்டும். கூட்டத்தில் நானா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, குடை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். மேளக்காரர்களும், கொம்பு ஊதுகிற நானும் குடையைப் பார்த்துத்தான் நடப்போம், நிற்போம். குடை மடங்கினால் சபை கலைந்தது என்று அர்த்தம். உடனே நான் மூன்று முறை ஊத வேண்டும். ஊதி முடித்தபின் அன்றைக்கு எந்தக் காரியமும் செல்லாது.

தாய்மாமனிடமிருந்து தபிரிக்கு வந்த வேலை இது. மூன்று நானாக்களைப் பார்த்துவிட்டான். "மூணு பேருக்கும் முன்பக்கம் தங்கம், பின்பக்கம் வழுக்கை. நமக்குக் காட்டுனது பின்பக்கந்தாண்டா" என்பான். ஃபுஃபுக் களிக்கு வெந்த மரவள்ளிக்கிழங்கை இடித்துக்கொண்டே அவன் மனைவி மான்சா கேட்பாள்: "இந்த வாயை வச்சுக்கிட்டு அரண்மனையில எப்படித்தான் பொழைக்கிறியோ!"

"அங்க கைக்குத்தான் வேலை."

மூன்றாவது நானா நகரத்தில் படித்தவர். ஆற்றின் மேல்கரையைத் தங்கக் கம்பெனி ஒன்று ஏற்கெனவே தோண்டித் தீர்த்திருந்தது. தண்ணீர் கோகோ கரைத்தமாதிரி வந்தது; குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. மிச்சம் இருந்தது கீழ்க்கரை. மான்சாவின் தக்காளித் தோட்டமும், ஊரின் பாதிச் சாப்பாடும் அங்கேதான். அதையும் கம்பெனிக்கே கொடுக்க நானா முடிவு செய்தார். எத்தனை படித்திருந்தாலும், ஊர் நிலமென்றால் கூடிய சபையில் எல்லோர் கண்முன்னும் கட்டைவிரல் வைக்க வேண்டும். சபை கூடுவது நாற்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிற விழாவில்தான். அந்த நாளைக் குறித்தார். பெரியவர்கள் வீட்டுக்குள் முணுமுணுத்தார்கள். வெளியே ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியமா?

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பெனி முதலாளி நானாவின் பக்கத்து நாற்காலியில் வியர்த்து வழிந்தான். சபையில் நானா நேராகப் பேசமாட்டார். பேச்சாளர் அந்த்வியின் காதில் சொல்வார். அந்த்வி கோலை ஊன்றி எடுத்துச் சொன்னால்தான் அது நானா சொன்னது.

அந்த்வி சொன்னார்: "தபிரி, நானா சொல்றாங்க. விருந்தாளி மேல வெயில் படுது. குடையை அவர் பக்கம் கொண்டுபோய்ப் பிடி."

துள்ளிக்கொண்டிருந்த குடை நின்றது.

"ஐயா, ஆசனத்துல உக்காந்தவங்களுக்குத்தானே இந்தக் குடை? அவர் எப்ப அந்த ஆசனத்துல உக்காந்தாரு?"

அந்த்வி குனிந்து கேட்டு நிமிர்ந்தார். "நானா சொல்றாங்க. குடை பிடிக்கிறவனுக்குக் கை போதும், வாய் வேண்டாம்."

"சரி, கையாலயே சொல்லிடறேன்" என்றான் தபிரி. குடையை மடக்கிவிட்டான்.

நானாவின் தலையில் வெயில் அடித்தது. மேளம் நின்றது. நானோ, சத்தியமாக எதையும் யோசிக்கவில்லை. குடை மடங்கினால் ஊதுவது முப்பது வருடப் பழக்கம். மூன்று முறை ஊதித் தொலைத்துவிட்டேன். ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். நானாவின் கட்டைவிரல் மைப்பெட்டிவரைக்கும்கூடப் போகவில்லை.

மறுநாள் அரண்மனையில் தீர்ப்பு: ஆளுக்கு ஓர் ஆடு, இரண்டு பாட்டில் சாராயம், மன்னிப்பு. நான் செருப்பைக் கழற்றி, தோள்துணியை இடுப்புக்கு இறக்கி, ஆட்டைக் கட்டிவிட்டு வந்தேன். "பழக்கதோஷம் நானா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தபிரி துணியை இறக்கவில்லை. "தப்பு செஞ்சவன்தானே ஆடு குடுக்கணும்? எனக்கு ஒரு ஆடு வரணும். எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டான். குடையைப் பிடுங்கிக்கொண்டு அவனை வெளியே தள்ளினார்கள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். தோட்டத்துத் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை.

"உன் ஆடு கத்திக்கிட்டே போச்சாமே?"

"ஆமா."

"அதுக்காவது வாய் இருந்துச்சு."

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாற்பத்திரண்டு நாள் கழித்து அடுத்த விழா. நானாவுக்கு இன்னும் பெரிய குடை, புது ஆள். அவன் அதைத் துணி காயப்போடுகிறவன் மாதிரிப் பிடித்திருந்தான். முதலாளிக்குத் தனியாக ஒரு பந்தலே போட்டிருந்தார்கள். காகிதத்தை விரித்தார்கள். நானா கட்டைவிரலில் மை தொட்டார்.

அப்போது சந்தைத் தெருவிலிருந்து ஒரு கறுப்புக் குடை வந்தது. மான்சாவின் மழைக்குடை, ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. ஆனால் அது ஆடியது! ஏறி, இறங்கி, ஓரம் சிலிர்த்து, முப்பத்தொரு வருடமாக நாங்கள் பார்த்த அதே ஆட்டம். மேளக்காரர்களின் கை தன்னாலேயே வேகம் பிடித்தது. காவலாட்கள் இருவர் பாய்ந்தார்கள். அரசித்தாய், நானாவைத் தேர்ந்தெடுத்து ஆசனத்தில் அமர்த்திய கிழவி, ஒரு விரலை உயர்த்தினாள். நின்றுவிட்டார்கள்.

தபிரி சபை நடுவில் வந்து நின்றான். என்னை ஒருமுறை பார்த்தான். குடையை மடக்கினான்.

பழக்கதோஷம் என்று இந்த முறை சொல்ல முடியாது. அது நானாவின் குடை இல்லை. அதற்கு ஊத வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை. ஊதினால் என் வேலை போகும், அரண்மனை கொடுத்த, என் வீடு நிற்கிற மண்ணும் போகும். உதடு உலர்ந்துபோயிருந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு ஊதினேன். மூன்று முறையும் நெஞ்சு நிறைய ஊதினேன்.

முதலில் எழுந்தவள் அரசித்தாய். பிறகு பெரியவர்கள், பிறகு சந்தைப் பெண்கள், பிறகு மொத்த ஊரும்.

"நில்லுங்க! நான் சொல்றேன், நில்லுங்க!" என்று நானா தன் வாயாலேயே கத்தினார். விரலில் மை காய்ந்துகொண்டிருந்தது.

எல்லோரும் அந்த்வியைப் பார்த்தோம். அவர் தன் கோலை ஒருமுறை பார்த்தார், ஆற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

அந்த்வி எடுத்துச் சொல்லாத எதையும் எங்கள் ஊரில் நானா சொன்னதாக ஏற்பதில்லை. அதனால் யாரும் நிற்கவில்லை.