தராசு விற்ற பதினேழு அங்குலம்

அந்த மின்சாதனக் கடைக்கு மூன்று மாடி. இரண்டாவது மாடி முழுக்கக் கம்ப்யூட்டர் பிரிவு. அங்கே பத்தொன்பது வருஷமாக நின்றபடியே வேலை பார்த்தவருக்குக் கடைக்குள் ‘தராசு’ என்று பெயர். எந்த லேப்டாப்பைக் கொடுத்தாலும் ஒரு கையில் வாங்கி, லேசாக ஆட்டிப் பார்த்து, எடையைச் சொல்லிவிடுவார். நூறு கிராம் முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தப்பாது. புதிதாகச் சேர்கிற பையன்கள் அவரிடம் பந்தயம் கட்டித் தோற்பதும், தோற்றவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவதும் வழக்கம்.

கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும் என்று யார் வந்தாலும் அவர் எடுத்த எடுப்பில் விலை பேச மாட்டார். “எதுல போய் வரப் போறீங்க?” என்றுதான் ஆரம்பிப்பார். பஸ்ஸா, சைக்கிளா, விடுதியா? வகுப்பு எத்தனையாவது மாடி? உட்காருவது மேசையிலா, கைப்பிடியில் பலகை வைத்த நாற்காலியிலா? அந்தப் பலகையில் பதினைந்து அங்குலமே திணறும், பதினேழு வழுக்கி விழும் என்பது அவருக்குத் தெரியும். கேட்டு முடித்ததும் பிடித்த லேப்டாப்பை சார்ஜரோடும் ரெண்டு தடித்த புத்தகத்தோடும் ஒரு பையில் போட்டு, வாங்க வந்த பிள்ளையின் தோளில் மாட்டுவார். “கீழ வரைக்கும் போய்ட்டு, படியிலயே ஏறி வா. லிஃப்ட் வேணாம். வந்து சொல்லு, வேணுமா வேணாமான்னு.” பாதிப் பேர் மூச்சு வாங்க வந்து, சின்னதைக் காட்டச் சொல்வார்கள். மானேஜருக்கு இது பிடிக்காது. ஆனால் இவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் சறுக்கினார். அதுவும் எதற்காக? போயும் போயும் ஒரு ஆட்டத்துக்காக.

அன்றைக்கு மாலை நாலு மணிக்கு டிவியில் இறுதி ஆட்டம். அவர் சின்ன வயதிலிருந்து ஆதரிக்கிற அணி பல வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்திருந்தது. மதியம் மானேஜரிடம் போய்த் தலையைச் சொறிந்தார். மானேஜர் மூலை அலமாரியைக் காட்டினார். அங்கே ஒரு பதினேழு அங்குல லேப்டாப் ஏழு மாசமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது.

“அதைத் தள்ளி விட்டுட்டுக் கிளம்புங்க. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்.”

இரண்டே முக்காலுக்கு ஒரு தாயும் மகளும் மாடியேறி வந்தார்கள். தாய் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். சீருடையோடே வந்திருந்தார். கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. மகள் ஒல்லி, உயரமும் குறைவு. உயிரியல் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கல்லூரி ஊரின் மறுகோடியில்.

“பக்கத்து வீட்டுல உங்களைத்தான் பார்க்கச் சொன்னாங்க அண்ணே,” என்றார் தாய். “அந்த மனுஷன் சரியானதைத்தான் குடுப்பார், கண்ணை மூடிட்டு வாங்குன்னாங்க.”

மகளின் பார்வை அதற்குள் ஒரு பதினாலு அங்குலத்தின் மேல் போய் நின்றிருந்தது. “இது நல்லா இருக்கும்மா. கையில எடுத்துட்டுப் போகலாம்.”

தராசு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூலை அலமாரியைப் பார்த்தார்.

“சின்னதுல படிச்சா கண்ணு கெட்டுப் போகும்மா,” என்றார். குரல் வழக்கம் போலவே இருந்தது. அதுதான் பிற்பாடு அவரை அதிகம் குத்தியது. “உயிரியல்னா படமா வரும். பெருசா பார்த்தாத்தான் புரியும். நாலு வருஷம் அசையாது இது.”

“வெயிட்டு ஜாஸ்தியா இருக்காதா சார்?” என்று மகள் கேட்டாள். “படி ஏறிப் பார்க்கச் சொல்வீங்கன்னு சொன்னாங்களே.”

“இதுக்கு அதெல்லாம் வேணாம்மா. பழகிடும்.”

மகள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் தாய் அதட்டினார். “பெரியவர் சொல்றார்ல. இத்தனை வருஷம் இதே வேலையா இருக்கறவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

மூன்றேகாலுக்குப் பில் போட்டாயிற்று. பெட்டியைத் தாயே இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். மகள் திரும்பி ஒரு தரம் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் மழை பிடித்துக்கொண்டது. கடைசி வரை விடவில்லை. தராசு சோபாவில் உட்கார்ந்து நனைகிற மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜரோடு சேர்த்தால் மூணரைக் கிலோ. கையில் வாங்கிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்த எடைதான் அது.

நாலைந்து நாள் நெஞ்சில் முள் மாதிரி நெருடியது. பிறகு வேலை மும்முரத்தில் மறந்தார். மறந்ததாக நினைத்துக்கொண்டார் என்பதுதான் சரி.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலை, ஸ்கூட்டர் பழுதாகி அவர் பஸ்ஸில் போக வேண்டி வந்தது. பஸ் மாறுகிற இடத்தில் கூட்டத்துக்கு நடுவே அந்தச் சீருடை தெரிந்தது. தாய் முதுகில் ஒரு கறுப்புப் பை. அவருக்கு அரை அடி பின்னால் மகள், வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒதுங்கிவிடலாம் என்றுதான் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சு மட்டுமில்லை, காலும் குறுகுறுத்தது. அதற்குள் தாய் பார்த்துவிட்டார்.

“அண்ணே, நல்லா இருக்கீங்களா? நீங்க குடுத்த மிஷின் அருமையா ஓடுது.”

“சந்தோஷம்மா.” அவர் பையைக் காட்டினார். “பையை நீங்க தூக்கிட்டு...”

“இவளுக்கு உடம்பு வணங்கல அண்ணே. தோள் வலி, முதுகு வலின்னு தினம் ஒரு பாட்டு. வகுப்பு நாலாவது மாடியாம். அதுவரைக்கும் நான் வர முடியுமா? இங்க வரைக்கும் சுமந்து விட்டுட்டு டூட்டிக்கு ஓடுறேன். நான் நாளெல்லாம் ஈரத் துணி தூக்குறேன், நான் வலிக்குதுன்னா சொல்றேன்? சோம்பேறி.”

மகள் தராசை நேராக ஒரு முறை பார்த்துவிட்டு, வருகிற பஸ்ஸின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

கடைக்குப் போனதும் மானேஜரிடம் கேட்டார். பிரித்த பெட்டி, இரண்டு மாசம் ஓடின சாமான், திரும்ப எடுக்க வழியே இல்லை என்றார் மானேஜர். “அவங்களே நல்லா இருக்குன்னு சொல்றாங்க. உங்களுக்கு என்ன குடைச்சல்?”

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில், மனைவியிடமும் மகளிடமும் நடந்ததைச் சொன்னார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளுடைய லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்க அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டிருந்தார். பதிமூணா பதினாலா என்று அவளைத் தூங்க விடாமல் கேட்டுக் கேட்டு, அவள் வகுப்பு நாற்காலிப் பலகையைப் போய் அளந்துகூட வந்தார். ஊரான் பிள்ளைக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

“உன்னோடதை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டு, அதை நீ வச்சிக்கறியாம்மா? உன் காலேஜ் பக்கம்தானே,” என்று மென்று விழுங்கினார்.

“நீ பண்ணின தப்பை நான் எதுக்குப்பா தோள்ல சுமக்கணும்?” என்றாள் மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் அடுத்த யோசனைக்குப் போனார். வேறு ஒரு பதினாலு அங்குலம் எங்காவது கிடைத்தால், கம்பெனியில் புதிதாக ஒரு சலுகை வந்திருக்கிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிடலாம்.

“அதாவது இன்னொரு பொய்,” என்றார் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், பேச்சு மாத்திரை மாதிரி அளவாகத்தான் இருக்கும். “மாத்திக் குடுங்க, வேணாங்கல. ஆனா முதல்ல போய் நடந்ததைச் சொல்லுங்க.”

மாற்றுச் சாமான் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். அவருடைய பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், போட்டோ ஸ்டுடியோ நடத்துபவர், போன வருஷம் அவசரப்பட்டு ஒரு பதினாலு அங்குலம் வாங்கிவிட்டு, ஆல்பம் வடிவமைக்க முடியவில்லை, கண் பிதுங்குகிறது என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவார். அவருக்கு லேப்டாப்பை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மேசையை விட்டு எழுந்திருப்பதே அபூர்வம். பதினேழு என்றதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். விலையில் வருகிற வித்தியாசத்தை அந்த அம்மாவிடம் கொடுத்துவிடவும் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிறு தராசு அவர்கள் வீட்டுக்குப் போனார். முகவரி பில்லில் இருந்தது. இரண்டு அறை. முதல் அறையில் ஒரு மேசை. அதில் பாதியை லேப்டாப் அடைத்துக்கொண்டிருந்தது. தூசி படாமல் இருக்க அதன் மேல் நன்றாகத் துவைத்து மடித்த வெள்ளைத் துணி. மேசையின் மீதிப் பாதியில் மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தாய் அவரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

தராசு உட்காராமலே சொல்லத் தொடங்கினார். கடையில் ஸ்டாக் இருந்தது, மானேஜர் சொன்னார் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். நடுவில் தனக்கே அசிங்கமாக இருந்தது.

“அதெல்லாம் இல்லம்மா. எனக்கு அன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும். மேட்ச் பார்க்கணும். அதுக்காக, யாரும் வாங்காத சாமானை உங்க தலையில கட்டிட்டேன். பாப்பாவுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்.”

தாய் திட்டுவார் என்று தராசு எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார். ஆனால் அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்தார்.

“அன்னைக்கே சொன்னியே நீ.”

மகள் பேனாவை மூடினாள். “விடும்மா.”

“ரெண்டு மாசமா வலிக்குதுன்னு சொன்னப்பல்லாம் சோம்பேறின்னு திட்டினேன். அன்னைக்கு ஒருநாள் ஆஸ்பத்திரில எல்லார் முன்னாலயும் சொன்னேன், என் பொண்ணு சோம்பேறின்னு.” மகளின் வலது தோளில் கை வைத்தார். அவள் லேசாக முகம் சுளித்ததும் கையை எடுத்துக்கொண்டார். “யாரோ ஒருத்தர் சொன்னதை நம்பினேன், பெத்த பொண்ணு சொன்னதை நம்பல.”

தராசுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. தான் சாமான் விஷயத்தில்தான் தப்புச் செய்ததாக அதுவரை நினைத்திருந்தார். இந்த இரண்டு அறைக்குள் இரண்டு மாசமாக என்ன பேச்செல்லாம் நடந்திருக்கும் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதை எந்த ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து மாற்றுவது?

“மன்னிச்சிடும்மா,” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

“எதுவா இருந்தாலும் இவகிட்ட கேளுங்க. மாத்தணுமா வேணாமான்னு இவ சொல்லட்டும்,” என்றார் தாய்.

மகள் அவர் கொண்டு வந்திருந்த பதினாலு அங்குலத்தைத் திறந்து பார்த்தாள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், ஒரு விசை ஏன் தேய்ந்திருக்கிறது, உத்தரவாதம் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னார். பேட்டரி முன்னைப் போல நிற்காது என்பதையும் சொன்னார். அவள் தன் பாடக் குறிப்புகளையெல்லாம் இதற்கு மாற்ற ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரமும் தாய் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகள், “சரி சார், இது போதும்,” என்றாள். ஸ்டுடியோக்காரர் கொடுத்த பண உறையைத் தராசு மேசையில் வைத்துவிட்டு, பெரியதைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஸ்டுடியோக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். திரையைத் திறந்து, ஒரு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, “ஆளுக்கு ஏத்த சாமானைக் குடுக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க,” என்றார். தராசு ஏதோ முனகிவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒரு வருஷம் போல ஆனது. தாயும் மகளும் மறுபடி அந்தக் கடைக்கு வந்தார்கள், ஒரு பிரிண்டர் வாங்க. பிரிண்டரும் தராசின் பிரிவுதான். அவர் கைவேலையை விட்டுவிட்டு ரெண்டடி முன்னால் வந்தார். தாய் அவரைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களாண்ணே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் கொஞ்சமும் இல்லை. மகளும் சிரித்தாள், அவள் தோள் நேராக இருந்தது. ஆனால் அவர்கள் அவரைத் தாண்டி, எதிர் கவுண்டரில் நின்ற புதிய விற்பனைப் பெண்ணிடம் போனார்கள்.

தராசு ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த திரையைத் துடைக்கத் தொடங்கினார். எதிரே பேசுவது நன்றாகவே கேட்டது. தாய் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். விற்பனைப் பெண் ஏதோ ஒன்றைப் புகழ்ந்து தாயைப் பார்த்துச் சொன்னாள்.

“அவகிட்ட சொல்லும்மா. வச்சிக்கப் போறது அவதான்,” என்றார் தாய்.

மகள் கேட்கத் தொடங்கினாள். நிதானமாக, ஒன்றையும் விடாமல் கேட்டாள்.