காலையில் மட்டும் உடைந்த குரல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். மாடி போர்ஷனில் குடியிருக்கும் பாய் வீட்டு அக்கா. நெட் கனெக்‌ஷன் கொடுத்த லைன்மேன். வேறு யாரும் இல்லை.

லைன்மேனைக் காலையில் வரவழைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. போன் கெடுவது காலையில். அவர் வருவது சாயங்காலம். வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பார். "கண்ணாடி மாதிரி கீதுக்கா. இன்னா பிராப்ளம்?" என்பார். எனக்கே நான் பொய் சொன்னது போல இருக்கும்.

இந்தப் போனை வாங்கியதே என் வேலைக்காகத்தான். பல்லாவரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்கே வரும் போன்களை எங்கள் வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். நான் எடுத்துப் பெயரைக் கேட்டு, எத்தனை மணிக்கு வரலாம் என்று சொல்ல வேண்டும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கு இந்த வேலை கிடைத்தது மாடி அக்காவால். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே எனக்காகப் பேசியிருக்கிறார். தாம்பரத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் செல்போன் டவர் வாசல்வரைதான் வரும், உள்ளே வராது. அதனால் நெட் வயரிலேயே வேலை செய்யும் லேண்ட்லைன் போட்டோம்.

முதல் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார். "பேச்சு விட்டு விட்டு வருதுன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. பல் வலியோட கூப்பிடறவங்க, அவங்களால ரெண்டு தடவை கத்த முடியுமா? இந்த வாரம் பார்க்கறேன். சரியாகலைன்னா இங்கயே ஒரு பொண்ணை உட்கார வெச்சுடறேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அதிக பயமாக இருந்தது.

முதலில் என் தொண்டையில்தான் கோளாறு என்று நினைத்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பிறகு பார்த்தால், அவர்கள் பேசுவதும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. தொண்டை இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் நிம்மதி. பிறகு வேறு கவலை. ரூட்டர் சூடாகிறதோ என்று அதன் எதிரில் டேபிள் ஃபேனை வைத்தேன். மிக்ஸி போடுவதை நிறுத்தினேன். ஃபிரிட்ஜைக்கூட அணைத்துப் பார்த்தேன், பால் திரிந்ததுதான் மிச்சம். ஆனால் பயந்துகொண்டே இருந்தாலும் எனக்கு இதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் ஏன் தானாகச் சரியாகிறது? நடுவில் ஒருநாள் விடிந்ததிலிருந்து கொட்டிய மழை. அன்றைக்குக் காலை முழுக்கப் பேச்சு அத்தனை தெளிவு. மழையில் கெட்டால் நியாயம், மழையில் எப்படி நன்றாக இருக்கும்? வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "அப்ப டெய்லி ரூட்டருக்குத் தண்ணி ஊத்து" என்றார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மேல் லைன்மேன் வந்தார். வயரைக் கழற்றி ஒரு சின்ன மீட்டரில் சொருகினார். அவர் முகம் மாறியது.

"யக்கா, வெளிச்சம் ரொம்ப கம்மியா வருதே. சாயங்காலம் பாக்கச்சொல்ல நல்லாத்தானே இருந்துச்சு."

இந்த வயருக்குள் தலைமுடி போல ஒரு கண்ணாடி நூல் இருக்கிறதாம். அதன் வழியாக வெளிச்சம்தான் ஓடி வருகிறதாம். எங்கேயாவது மடங்கினால் அந்த இடத்தில் வெளிச்சம் கசிந்துவிடுமாம். படம் பார்க்கும்போது அது தெரியாது, பேச்சில் உடனே தெரிந்துவிடும் என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். என் குரல் வெளிச்சமாகப் போகிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மீண்டும் வயரைச் சொருகிவிட்டு, யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவின் செல்லுக்குப் போன் போட்டேன். அங்கே டவர் நன்றாக எடுக்கும்.

"ஒண்ணுலேருந்து எண்ணிக்கிட்டே இருங்கக்கா."

அக்கா எண்ணினார். ஐந்துக்குப் பிறகு ஒன்பது வந்தது. பன்னிரண்டு பாதி வந்தது. லைன்மேன் வீட்டுக்குள் வயரைத் தடவிக்கொண்டே போனார், ஒரு மாற்றமும் இல்லை. எண்ணி எண்ணி அலுத்துப்போன அக்கா, தன் நாத்தனாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. பொழிச்சலூரிலிருந்து வந்து பத்து நாள் தங்கினாளாம், ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லையாம்.

"அக்கா! இப்ப என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? போர்வை கோணலா இருந்துச்சு, எடுத்து உதறிக்கிட்டிருக்கேன்."

"திரும்பப் போடுங்க."

போட்டார். நாத்தனார் மறுபடி துண்டு துண்டானாள்.

மூவரும் மேலே ஓடினோம். தெருக் கம்பத்திலிருந்து வந்த கறுப்பு வயர், மொட்டைமாடிக்குக் குறுக்கே தலை உயரத்தில் போய்ச் சுவர் மூலையில் கீழே இறங்கியது. அதன்மேல் இரண்டு ஈரப் போர்வை, ஒரு ஜமக்காளம். பாரம் தாங்காமல் தொங்கியதில், மூலையில் வயர் முழங்கை போல மடங்கியிருந்தது. துணி காய்ந்தால் பாரம் குறையும், குரல் வந்துவிடும். மழை நாளில் யார் துணி காயப்போடுவார்கள்?

"இதுல போய் துணி போட்டுக்கினு கீறியேக்கா!" என்று லைன்மேன் தலையில் கை வைத்தார்.

அக்கா திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏன் தம்பி, இது நீங்க எனக்குக் கட்டிக் கொடுத்த கொடி இல்லையா?"

ஆறு மாதமாகத் துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தரச் சொல்லி அக்கா இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இவரும் "கட்டிடலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் மேலே போனால் புத்தம்புது வயர். அக்கா மகிழ்ந்துபோய் அன்றே ஒரு டப்பா பிரியாணி அனுப்பிவிட்டார்.

"எதுக்குப் பிரியாணின்னு நீங்க கேக்கலையா?" என்றேன் அவரிடம்.

"பிரியாணி வந்தா யாராவது எதுக்குன்னு கேப்பாங்களா?"

"அதுல முட்டை வேற ரெண்டு வெச்சேன்" என்றார் அக்கா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "வேலையை நானே வாங்கிக் கொடுத்து, நானே கெடுக்கப் பார்த்தேனேம்மா."

"நாத்தனாரைத் திட்டலைன்னா கண்டே பிடிச்சிருக்க மாட்டோம்க்கா" என்றேன்.

லைன்மேன் அடிபட்ட வயரை எடுத்துவிட்டுப் புதிதாக இழுத்தார். இந்த முறை பைப் வைத்து உயரத் தூக்கினார். அக்கா எம்பினாலும் கை படாது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் நைலான் கயிறு வாங்கி வந்து, எதிர்ப்பக்கம் ஒரு கொடி கட்டினார். அக்கா அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லா ஈரத்துணியையும் அதில் போட்டார். நான் கீழே வந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"யாரு? இவ்வளவு கிட்டத்துல கேக்குது!" என்றார். பிறகு, "சரிம்மா, நீங்களே பாருங்க. நாளைக்குக் காலையில நிறைய பேர் கூப்பிடுவாங்க" என்றார்.

லைன்மேன் வயருக்கும் பைப்புக்கும் எண்ணூறு கேட்டார். வீட்டுக்காரர் பர்ஸை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். என் டப்பாவிலிருந்து முந்நூறு எடுத்துக் கொடுத்து, மீதியை என் சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றேன்.

"சம்பளம் வந்துடுமில்லக்கா?"

"வந்துடும்" என்றேன். பயப்படாமல் சொன்னேன்.

இன்னும் ஐந்நூறு ரூபாய் பாக்கி.