நெல்லுக்குக் காய்ச்சல்

போன வாரம் ஐஸ் மூட்டையோடு பஸ் ஏறினேன்.

"மீனுக்கா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, நெல்லுக்கு."

சிதம்பரம் வரைக்கும் அவர் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

இப்போதைக்கு நான் கடலூர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறேன். (இதற்கு முன்னால் பார்த்த வேலைகளைச் சொல்லி மாளாது...) அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். சிதம்பரம் பக்கம், கொள்முதல் நிலைய வாசலில் அவருடைய நெல் தார்ப்பாய்க்குள் கிடந்தது. விடாத மழை. காய்ந்தால்தான் எடுப்பார்கள். இந்த வருஷத்துக்கு அவர்களிடம் இருப்பது அந்தக் குவியல் மட்டும்தான்.

"மச்சான், உள்ள கைய வுட்டா சுடுதுடா. காய்ச்சக்காரன் கழுத்து மாரி. கொஞ்சம் ஐஸ் கொண்டாயேன்."

சிரிப்புதான் வந்தது. போய்க் கையை விட்டுப் பார்த்தபோது நின்றுவிட்டது. அடுப்பில்லை, வெயிலில்லை... சூடு எங்கிருந்து வரும்? நனைந்த நெல் மூச்சு விடுகிறது. தன்னைத் தானே தின்று, சூடாக வெளியே விடுகிறது. தார்ப்பாயைத் திறந்தால் மழை. மூடினால் வேகிறது. எதைச் செய்வது?

ஐஸை பாலிதீன் பைகளில் இறுக்கிக் கட்டி, குவியலின் நடுவே புதைத்தோம்.

"மீனுக்குக்கூட இவ்ளோ மரியாத இல்லடா" என்றாள் அக்கா, தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி.

மறுநாள் காலையில் ஒரு பையை இழுத்தேன். ஐஸ் இல்லை. வெந்நீர்! ஐஸ் தன்னால் முடிந்த சூட்டை வாங்கிக்கொண்டு கரைந்திருந்தது. கரைந்த தண்ணீரையும் நெல் விடாமல் சுட வைத்திருந்தது.

மாமா தொட்டுப் பார்த்தார். "குளிக்கலாம் போல இருக்கே மச்சான்."

அன்றைக்குப் பார்த்து வெயில் அடித்தது. தார்ப்பாயை விலக்கினோம். உள்ளே வெள்ளை வெள்ளையாக முளை.

கொள்முதல் செய்பவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். ஈரம் பார்க்கும் மெஷினை எடுக்கவே இல்லை.

"முளச்சிப்போச்சிங்களே... எப்புடி எடுக்கறது?"

"இன்னும் சுடுது சார். உசுரு இருக்கு சார்" என்றார் மாமா.

"அதாங்க பிரச்சன." மெதுவாகத்தான் சொன்னார். கோபப்படக்கூட வழியில்லை.

அக்கா ஒரு பையைப் பிரித்து, அந்தத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டாள்.

அந்த வெந்நீரைப் போடத்தான் ஒரு போகத்து நெல் எரிந்திருக்கிறது.