அப்பா நடித்த டிவிடியும் என் புதுக் கணினியும்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டு லாரி ஓட்டப் போய்விட்டான். நான் ஐந்தாம் படிவம் முடித்து, டிப்ளோமா வாங்கி, இப்போது வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் பட்டப் படிப்பும் படிக்கிறேன். ஜார்ஜ்டவுனில் இருக்கும் எங்கள் பிளாட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அது பிரிக்கப்படாமல் எனக்காகக் காத்திருக்கும். மின்சாரக் கட்டணமோ மருத்துவமனைச் சீட்டோ, நான் வாசித்துச் சொல்வதுதான் முடிவு.

அந்தப் படிப்புக்காகத்தான் மேசைக் கணினி ஒன்று வாங்கினேன். வாங்கப் போகிறேன் என்றதும் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "அதுல சிடி போட எடம் இருக்குமா?" என்பது.

கடைக்காரர் சிரித்தார். இப்போதெல்லாம் யாரும் அதைக் கேட்பதில்லையாம். ஆனாலும் தேடி எடுத்து, மெல்லிய தட்டுள்ள டிவிடி டிரைவ் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். ஒரு கார்ட்டூன் டிஸ்க்கைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டியும் காட்டினார்.

அப்பா கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பு அவர் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் உள்ளூர்க்காரர்கள் சிலர் கேமராவோடு வந்து அங்கே ஒரு தொலைக்காட்சிப் படத்துக்குக் காட்சி எடுத்தார்கள். அப்பாவைக் கூப்பிட்டு, மூட்டையோடு கிடங்கிலிருந்து லாரி வரை நடக்கச் சொன்னார்கள். மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை கேமராவைப் பார்த்துவிட்டார். பார்க்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். கூலியாக ஒரு பொட்டலம் சோறும் ஒரு மணி நேரம் ஓய்வும் கிடைத்தன. அந்தப் படம் ஒளிபரப்பானபோது அப்பா வேலையில் இருந்தார். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

பார்க்காத படத்தைப் பற்றி இருபது வருடத்துக்கும் மேலாகப் பேசினால் என்ன ஆகும்? அப்பாவின் தம்பி, செபராங் ஜெயாவில் இருக்கும் எங்கள் சித்தப்பா, வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பிப்பார்.

"என்னாண்ணே, இன்னிக்கு ஷூட்டிங் இல்லையா?"

"போடா."

"இல்ல, கெட்டப்பு மாறியிருக்கே, அதான் கேட்டேன்."

அப்பா சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் ஒரு தீபாவளியன்று, விருந்தினர் எல்லாரும் இருக்கும்போது, சித்தப்பா "எங்கண்ணன் சொல்றதுல அது ஒண்ணுதான்லா பொய்" என்றார். அன்று அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் அந்த டிஸ்க் கிடைத்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீடு மாறும்போது பெட்டியைக் கிளறியிருக்கிறார். "ஒன் படம் இதுதானே" என்று கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பழைய பிளேயரை அண்ணன் அதற்கு முன்பே பழைய இரும்போடு போட்டுவிட்டான். அப்பா அந்த டிஸ்க்கைத் தன் அடையாள அட்டை வைக்கும் பைக்குள் வைத்துக்கொண்டு என் கணினிக்காகக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்படி சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டார்.

கணினி வந்த அன்று மாலை பூசை போட்டோம். அண்ணன் லாரி வாங்கியபோது பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கும் திருநீறு பூசினோம். வெளியே மட்டும் பூசினால் போதாது, ஓடுகிற பாகத்துக்கும் பூச வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. அம்மா சாம்பிராணி காட்டினார். அப்பா திருநீற்றுத் தட்டை என்னிடம் நீட்டி, "நீயே பூசும்மா, ஒன் சம்பாத்தியம்" என்றார். திரைக்கு மேலே, பெட்டிக்கு, கீபோர்டுக்கு என்று நானே பூசினேன். டிரைவின் தட்டையும் திறந்து, அதிலும் மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன்.

மறுநாள் டிஸ்க்கைப் போட்டோம். ஒன்றும் வரவில்லை.

நான் பதறவில்லை. புதுக் கணினிகளில் டிவிடி ஓட்டும் மென்பொருள் கூடவே வருவதில்லை என்று படித்தேன். இலவசமான ஒன்றை இறக்கி நிறுவினேன். முகப்புப் படம் வந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். 'படம் பார்க்க' என்ற இடத்தை அழுத்தியதும் திரை கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. டிரைவுக்குள் கர்ரென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அடுத்து, டிஸ்க்குகளுக்கு நாட்டு வட்டாரம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். டிரைவில் அதை மாற்றினேன். இன்னும் நான்கு தடவைதான் மாற்றலாம் என்று எச்சரிக்கை வந்தது. அதைப் படித்து அப்பாவுக்கு விளக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன். வேறு இரண்டு மென்பொருள்களைப் போட்டேன். ஒன்றை நீக்காமலே இன்னொன்றைப் போட்டேன். இரண்டு மாலைகள் இப்படியே போயின. டிஸ்க் சில சமயம் முகப்பு வரை வந்தது, சில சமயம் அதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு மெல்லிய கீறல்கள் இருந்தன.

"அப்பா, சிடிதான் ரோசாக். பழசு, கீறிப்போச்சு. இனிமே ஓடாது."

அவர் "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். டிஸ்க்கைப் பைக்குள் வைத்தார். பிறகு சித்தப்பாவுக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், சிடி கெட்டுப்போய்விட்டது என்றார். போனிலிருந்து வந்த சிரிப்பு எனக்கும் கேட்டது. "நெனச்சேண்ணே" என்றார் சித்தப்பா.

இதையெல்லாம் என் அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாசேக் கெலுகோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு நின்றவர். பத்து வருடமாக, ஜார்ஜ்டவுன் இருக்கும் இதே தீவின் தெற்கே ஒரு தொழிற்சாலையில் கேமரா லென்ஸுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறார். உடல் முழுக்க வெள்ளை அங்கி போட்டு, கண் மட்டும் தெரிய, நுண்ணோக்கி வழியாகப் பார்க்கிற வேலை. அவர் என்ன செய்கிறார் என்று நான் அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. ஆபரேட்டர் வேலை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர், குளித்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"வேற சிடி போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணி தன் கல்யாண டிஸ்க்கை எடுத்து வந்தார். கீறலே இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதுவும் மாலை மாற்றுவதற்கு முன்பே நின்றுவிட்டது.

"அப்ப மாமாவோட சிடி மேல தப்பு இல்ல" என்றார். அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "கடையில ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"இங்க ஓடல. நடுவுல என்னா நடந்துச்சு?"

நான் நிறுவிய மென்பொருள்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் ஓடலன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் நீ செஞ்சது. அதுக்கு முன்னாடி?"

"பூசை போட்டோம். வேற ஒண்ணும் இல்ல."

அண்ணி பொத்தானை அழுத்தினார். தட்டு வெளியே வந்ததும் டிஸ்க்கை எடுத்து வைத்தார். மின்சாரத்தை அணைத்துச் செருகியைப் பிடுங்கினார். பிறகு கைபேசியின் விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அந்தத் தட்டிலேயே ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருந்தது. டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் அதுதான் என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் பார்க்கவில்லை. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். தட்டின் ஓரத்தில் மூன்று விரல் தடம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. யார் பூசியது என்று அண்ணி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, இன்றுவரையிலும் கேட்கவில்லை. பிறகொரு நாள் காரணம் கேட்டபோது சொன்னார்: "எங்க லைன்ல யாருன்னு கேட்டா எல்லாரும் மறைப்பாங்க. எதுன்னு கேட்டா சொல்லிருவாங்க."

"ஃபேன அமத்து" என்றார்.

அந்த வெக்கையில் மின்விசிறியை அணைத்தோம். அவர் தலைமுடியைத் துண்டால் கட்டினார். முழங்கை வரை கழுவி, கையைத் துடைக்காமல் காற்றில் காயவிட்டார். கழுவிக் காய்ந்த சாஸ் பாட்டிலை அமுக்கி, அதன் மூக்கிலிருந்து வந்த காற்றை லென்ஸின் மேல் அடித்தார். வாயால் ஊதலாமே என்றேன்.

"எச்சி படும்லா."

காற்றில் போகாத தூள்தான் மிச்சம். பஞ்சுக் குச்சியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தொட்டு, காய்ந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குப் பிழிந்தார். லென்ஸின் நடுவிலிருந்து வெளியே ஒரே ஒரு இழுப்பு. குச்சியைத் தூக்கிப் போட்டார். புதுக் குச்சி, மறுபடி ஓர் இழுப்பு. போன வழியில் குச்சியை ஒருமுறைகூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆறு குச்சிகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் பிறகு விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். அந்தக் கையில் நடுக்கமே இல்லை. விடிய விடிய நின்று வேலை செய்துவிட்டு வந்த கை அது. இரண்டு மாலைகள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியபோது இந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்ததா என்று யோசித்தேன். இல்லை. நான் விடையைத் தேடினேன். அவர் பொருளைப் பார்த்தார்.

கல்யாண டிஸ்க்கைப் போட்டோம். மாலை மாற்றினார்கள். தாலி கட்டினார்கள். பந்திவரை ஓடியது. "ஒங்கண்ணன் அப்ப எவ்ளோ ஒல்லி பாரு" என்றார் அண்ணி. பிறகு அப்பா வீட்டில் விட்டுப் போயிருந்த பையிலிருந்து அந்த டிஸ்க்கை எடுத்து வந்து போட்டார். படத்தின் பெயர் வந்தது, கடற்கரை வந்தது, ஒருவர் பேச ஆரம்பித்தார். ஒரு தடங்கலும் இல்லை. நான் முன்னே ஓட்டிக் கிடங்குக் காட்சியைத் தேடப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்தார்.

"போதும். ஓடுது. மாமா பாக்காம நாம பாக்கக் கூடாது."

டிஸ்க்கை வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மாமாவிடம் சொல்வது என் வேலை என்று விட்டுவிட்டார்.

அப்பா மத்தியானம் காவல் வேலை முடிந்து வந்தார். அவர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அப்பா, சிடி நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னது தப்பு. நான் பூசுன துண்ணூறுதான் உள்ள அடைச்சிருந்துச்சு. அண்ணி தொடச்சாங்க, ஓடுது."

அந்த வீட்டில் 'நான் சொன்னது தப்பு' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "அப்ப அவனுக்கு போன் போடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எண்ணெயில் பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தோடு வந்தார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, என் முதுகில் தட்டினார். "படிச்ச புள்ள கை வச்சா ஓடாம இருக்குமா?"

"நான் கை வச்சதாலதான் ஓடல சித்தப்பா. அண்ணிதான் ஓட வச்சாங்க."

சித்தப்பா திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே, "லென்ஸ் தொடைக்கிறது என் வேலைலா, சின்ன மாமா" என்றார்.

படம் ஓடியது. அரை மணி நேரம் அப்பா வரவில்லை. சித்தப்பா இரண்டு தடவை கொட்டாவி விட்டார். "இண்டர்வெல்லுக்கு அப்புறமா வருவீங்களாண்ணே?" அப்பா முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்து, திரைக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை வெட்டியிருப்பார்களோ என்று அவர் பயப்படுவது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமும் அந்தப் பயம் இருந்திருக்கும். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடங்கு வந்தது. இரண்டு பேர் முன்னால் நின்று ஏதோ சண்டை போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மூட்டையோடு ஓர் ஒல்லியான இளைஞன் நடந்து போனான். முதுகுதான் தெரிந்தது. சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அந்த இளைஞன் லாரியில் மூட்டையைப் போட்டுவிட்டு, திரும்பி, நேராக எங்களைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பார்வை. அதைத்தான் படம் எடுத்தவர்கள் வைத்திருந்தார்கள்.

நான் படத்தை நிறுத்தினேன்.

சித்தப்பா எழுந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அண்ணே."

"என்னாடா?"

"அந்தக் கோடு போட்ட சட்டை என்னோடது."

"ஆமா."

"பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல வாங்குனது. காணோம் காணோம்னு எவ்ளோ நாள் தேடுனேன் தெரியுமா?"

"சினிமாக்காரங்க வர்றாங்கன்னு சொன்னாங்க" என்றார் அப்பா. "எங்கிட்ட நல்ல சட்டை இல்ல."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். சித்தப்பா நாற்காலியை அப்பாவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, மேலே ஓட்டு என்று எனக்குக் கையைக் காட்டினார். சட்டை இன்னொரு தடவை வருமா என்று படம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.