பிளேடால் சீவிய லிப்ஸ்டிக்

வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் பெட்டி பிரிப்பது என்று எங்கள் சொந்தத்தில் ஒன்று உண்டு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் வராதவர்கள்கூட பெட்டி பிரிக்கும் அன்று சொல்லாமலே வந்துவிடுவார்கள். கோடாலித் தைலம் யாருக்கு, சென்ட் பாட்டில் யாருக்கு, ஒற்றை சோப்போடு திரும்பப் போகவேண்டியது யார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த இரண்டு வருஷத்துக்கு யார் யாரோடு பேசுவார்கள் என்பது முடிவாகும். சித்தி முதல்முறையாகக் குவைத்திலிருந்து வந்தபோதும் அப்படித்தான் கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த மே மாதம் அது.

எல்லாவற்றுக்கும் அடியில் துவாலையில் சுற்றிய பை ஒன்று இருந்தது. சித்தி அதை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது யாருக்கும் இல்ல. தொழிலுக்கு" என்றாள். சோப்போடு போகவேண்டியவர்களுக்கு அப்போதே முகம் சுண்டிவிட்டது.

சித்தி என் அம்மாவின் தங்கை. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பா மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். புவனகிரிக்குப் பக்கத்தில் வண்டி கவிழ்ந்து முதுகில் அடிபட்ட பிறகு அவரால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அதனால் சித்தி போனாள். ஒரு வயதுப் பெண் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். மூன்று வருஷத்தில் அந்தக் குழந்தை என் அம்மாவை அம்மா என்றும், போனில் மட்டும் கேட்ட குரலைக் குவைத்தம்மா என்றும் அழைக்கப் பழகியிருந்தது. சித்தி வந்து இறங்கி இரண்டு கையையும் நீட்டியபோது அது ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டது. எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள். சிரிக்கிற விஷயம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

குவைத்தில் சித்திக்குப் பெரிய பியூட்டி பார்லரில் வேலை என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு சித்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று வருஷமாகச் சரியாகத் தூங்காதவள்போல ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

நான் கூட இருந்தால்தான் குழந்தை, என் தங்கச்சி, சிதம்பரத்தில் தங்கும் என்று என்னையும் சித்தியோடு அனுப்பி வைத்தார்கள். சித்தப்பாவின் அக்கா, எனக்கு அத்தை முறை, அங்கே மேல வீதிக்குப் பின்னால் குடியிருந்தார். அவர் வீட்டின் முன்பக்கம் இரண்டு கடை அறைகள். ஒன்றில் தையல்காரர். இன்னொன்றில் இருந்த ஜெராக்ஸ் கடை காலி செய்துவிட்டுப் போயிருந்தது. சித்திக்கு அந்த அறை வேண்டும். அதில் பார்லர் வைத்தால் முகூர்த்த மாதங்களில் மணப்பெண் அலங்காரம் கிடைக்கும், சிவராத்திரிக்குக் கோயிலில் ஆட வருகிற பெண்களுக்கு மேக்கப் போடலாம், திரும்பக் குவைத்துக்குப் போகவேண்டியதே இல்லை. இதைச் சித்தப்பாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. எனக்கு அந்தத் துவாலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கவலை.

அதே அறையை செல்போன் ரீசார்ஜ் கடை வைக்கிற ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை நியாயமாகத்தான் பேசினார். "வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு வீட்டு மனுஷிக்குக் குடுக்கலாம். ஞாயித்துக்கெழம எம் பொண்ணுக்குப் போட்டுக் காட்டு, பாப்பம்" என்றார். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், சித்தப்பாவும் தங்கச்சியும் தூங்கிய பிறகு, சித்தி பையைத் திறந்தாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எங்கள் ஊர்த் திருவிழாக் கடையில் விற்கிற சாயமா அது! ஒவ்வொரு டப்பாவும் கையில் வைத்தால் கனத்தது. மூடியில் தங்க எழுத்து. பெயர் பிரெஞ்சாம், என் வாயில் நுழையவில்லை. கண்ணிமைக்குப் பூசுகிற நிறங்கள் மட்டும் ஒரு பெட்டியில் பன்னிரண்டு. மயில்கழுத்து நிறம்கூட இருந்தது. லிப்ஸ்டிக் ஏழு. நெயில் பாலிஷ் குப்பிகள் பதினொன்றோ பன்னிரண்டோ.

ஆனால் எல்லாம் பாதி. இமை நிறங்கள் நடுவில் குழிந்து, சிலவற்றில் அடித்தகடு தெரிந்தது. லிப்ஸ்டிக்குகள் ஆளுக்கொரு விதமாகத் தேய்ந்திருந்தன. சித்தி ஒவ்வொன்றாகத் திருகி உயர்த்திப் பார்த்தாள். "இது அந்த வீட்டுப் பெரிய பொண்ணோடது. அழுத்திப் போடுவா, அதான் மொட்டையா கீது. இது மூணாவது பொண்ணோடது. எங்கயாவது போறதுன்னா நான்தான் போட்டு உடணும். நாலு பேருக்கும் போட்டு உட்டுட்டு, அவுங்க கார்ல ஏறனப்பறம் பாத்ரூம் கழுவணும்."

"இதெல்லாம் எப்பிடி சித்தி ஒங்களுக்குக் குடுத்தாங்க?"

"புதுசு வந்துச்சின்னா பழசக் குப்பையில போட்ருவாங்க. கேட்டேன். எடுத்துக்கன்னுட்டாங்க."

அப்படியானால் பார்லர் எங்கே வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய பார்லர்கள் அங்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போல என்று சமாதானம் ஆகிவிட்டேன். பத்து வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கையிருப்பில் இருக்கும்.

சித்தி பிளேடை இரண்டாக உடைத்து லிப்ஸ்டிக்கின் நுனியைச் சாய்வாகச் சீவினாள். பென்சில் சீவுவது மாதிரி இல்லை, வெண்ணெயை வழிப்பது மாதிரி. பிறகு விரல்நுனியால் ஓரத்தைத் தடவி விட்டதும் கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. குழிந்த இமை நிறங்களைக் குச்சியால் கிளறி, இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, துணி சுற்றிய ஒரு ரூபாய்க் காசால் அமுக்கினாள். மட்டமாகி வழவழவென்று ஆயின. ஒரே சிவப்பில் இருந்த இரண்டு நெயில் பாலிஷை ஒரே குப்பியில் ஊற்றினாள். குப்பியின் கழுத்தில் காய்ந்திருந்ததைப் பஞ்சால் துடைப்பது என் வேலை. ப்ளீச் போட்டுக் கழுவிக் கழுவி வெடித்துப்போன சித்தியின் கையிலிருந்து ஒரு துளி சிந்தவில்லை. நடுநடுவே உட்கார்ந்தபடியே கண் சொருகும். தலை தொங்கியதும் விழித்து, "எங்க உட்டேன்?" என்பாள்.

பிறகு என் கையில் நிறங்களைத் தடவிப் பார்த்தாள். "அந்த ஊரு தோலுக்குச் செஞ்சது, நமக்குச் சாம்ப பூசனாப்புல தெரியும்" என்று சொல்லி, பழுப்போடு செம்பு நிறத்தைக் கலந்தாள். அது என் கருத்த கையில் வெயில் பட்டதுபோல் மின்னியது. கூலியாக என் பத்து நகத்துக்கும் பத்து நிறம் போட்டுவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட விரலை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று சித்தி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் இது மறைக்கவேண்டிய காரியம் என்று ஒரு குழந்தையிடம் ஒப்புக்கொள்ளவேண்டுமே. அந்தத் தெம்பு அவளுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக் கூடத்தில் மகளை ஜன்னல் பக்கமாக நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் நடுவர் மாதிரி எதிரே உட்கார்ந்தார். சித்தி துவாலையை விரித்து டப்பாக்களை வரிசையாக வைத்தாள். முகம், உதடு, பிறகு கண். நிதானமாக, பேசாமல் செய்தாள். உதட்டுச் சாயம் போட்டதுமே அத்தையின் மகள் வேறொரு பெண்ணாகிவிட்டாள். தினமும் பார்க்கிற முகத்துக்குள் இப்படி ஒரு முகம் இருந்ததா என்று அத்தையே வாயில் கை வைத்துக்கொண்டார்.

"சும்மா சொல்லக்கூடாது, ஃபாரின் சாமான் ஃபாரின் சாமான்தான். கை சுத்தமா இருக்குது. அந்த ரூம்ப இவுங்களுக்கே குடுங்க" என்றார் டீச்சர். சித்தி வலது கண்ணை முடித்திருந்தாள்.

"குடுக்கலாம். ஆனா வெல ஜாஸ்தியா இருக்குமே, தீந்துபோச்சின்னா திரும்ப எங்க போயி வாங்குவ?" என்றார் அத்தை.

சித்தி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் சித்தியின் சாமர்த்தியம் இவர்களுக்குத் தெரியவேண்டாமா? "தீந்துபோனா என்னா அத்த? எங்க சித்தி பிளேடால சீவிப் புதுசாக்கிடுவாங்க. இதெல்லாமே அந்த வீட்டு அக்காங்க போட்டுட்டுக் குப்பையில போட்டதுதான். பாத்தா தெரியுதா, பாருங்க!"

என் நகங்களை வேறு ஆதாரமாக நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தையின் மகள் துப்பட்டாவால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். சாயம் கன்னம்வரை இழுபட்டது. "எவளோ வாயில வச்ச எச்சிலையா எம் பொண்ணு வாயில தடவன? நிச்சயம் பண்ண பொண்ணுக்கு?" என்றார் அத்தை. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். பிறகு, இதைவிட முக்கியமானது ஞாபகம் வந்தவர்போல, "அந்த வீட்ல நீ இன்னா வேல பாத்த?" என்றார்.

"வீட்டு வேலதான் அண்ணி" என்றாள் சித்தி. கையில் பிரஷ் அப்படியே இருந்தது. "எடது கண்ணு பாக்கி கீது. முடிச்சிடறேன். அப்பிடியே வெளிய போவ முடியாது."

அத்தையின் மகளுக்கும் வேறு வழி இல்லை. ஒற்றைக் கண்ணோடு எழுந்து எங்கே போவது? கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினாள். சித்தி முதல் கண்ணுக்கு எடுத்துக்கொண்ட அதே நேரத்தை இரண்டாவதற்கும் எடுத்துக்கொண்டாள். இரண்டு கண்ணும் அவ்வளவு அழகாக ஒத்துப்போயிருந்தன. எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை தன் தம்பியைக் கூப்பிட்டு, ரீசார்ஜ் கடைக்காரருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வாக்குத் தவறாதவர் என்று அத்தைக்கு ஊரில் நல்ல பெயர்.

கடலூர் திரும்பியதும் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஒரு வாயா அது, ஓட்ட வாயி!" சித்திதான் தடுத்தாள். "உடு அக்கா. கொழந்த உள்ளதத்தான சொல்லிச்சி" என்றாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் தூங்கிப்போனாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை என்று எனக்கு ஒரே நிம்மதி. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கவேண்டும் என்பது எனக்கே முப்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிந்தது.

குவைத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்திலேயே சித்தி கிளம்பிவிட்டாள். சென்னைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட கடலூர் பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அந்த ஒரு மாதத்தில் தங்கச்சி அவளிடம் ஒட்டியிருந்தது. பஸ்ஸைக் கண்டதும் ஏதோ புரிந்து, நானும் வருவேன் என்று அழுதது. போன தடவை ஒன்றும் தெரியாத வயதில் விட்டுவிட்டுப் போனது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். சித்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதன் விரலைக் கம்பி வழியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பும்வரைக்கும் விடவில்லை.

எனக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று இருந்தது. நடந்ததற்குக் காரணம் சாமான்கள் பழையதாக இருந்ததுதான் என்று நான் யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எக்கி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சித்தி, அடுத்த தடவ வரும்போது யாரும் போடாததா, புதுசா வாங்கிக்கிட்டு வாங்க. அப்ப அத்த ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சித்தி என்னைப் பார்த்தாள். "சரி கண்ணு, வாங்கியாறேன்" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகிற தங்கச்சியையும் அம்மாவையும் விட நான்தான் உருப்படியாக ஒன்று பேசியிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த மே மாதம் முழுவதும் தூக்கத்தை விட்டு அவள் பாடுபட்டது, அடுத்த தடவை என்று ஒன்று இருக்கவே கூடாது என்பதற்காகத்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.