தூள் பக்கெட்டுக்குள் வந்த ஊசி

விசர் வேலை பாத்தவன் நான்தான். பழியை வேறை ஆரின்ரை தலையிலையும் போட ஏலாது.

ஒஸ்லோவிலை என்னோடை பஸ் கராஜிலை வேலை செய்த ஒரு நோர்வேக்காரருக்குப் பழைய துவக்குகளைத் திருத்துறதுதான் பொழுதுபோக்கு. உலக யுத்தம் முடிய ஜேர்மன்காரர் விட்டிட்டுப் போன துவக்குகள். எல்லாத்துக்கும் பொலிஸ் அனுமதி வைச்சிருந்தார். ஒண்டுக்கு மட்டும், தோட்டாவின்ரை பின்பக்கத்திலை போய் இடிக்கிற ஊசி கிடைக்கேல்லை. தேடாத இடமில்லை. எனக்கு நிரந்தர வேலை கிடைக்க மேலிடத்திலை கதைச்ச மனுசன். என்ரை வாய் சும்மா கிடந்ததே? "ஜேர்மனியிலை என்ரை தம்பி பழைய சாமான் சந்தையெல்லாம் திரியிறவன், கேட்டுப் பாக்கிறன்" எண்டிட்டன். மனுசன் அளவோடை படமே கீறித் தந்தார்.

தம்பி ஊசியைத் தேடிப் பிடிச்சிட்டான். அது 2007, ஊரிலை சண்டை திரும்ப மூண்டிருந்த நேரம்.

எங்கடை ஆக்களுக்குத் தபால் எண்டால் மனம் வராது. ஆரும் பயணம் வெளிக்கிட்டால் கையிலை ஒரு பொதி குடுத்து விடவேணும். அந்தக் கிழமை என்ரை மனுசியின்ரை தங்கச்சி ஜேர்மனியிலையிருந்து எங்களிட்டை பஸ்ஸிலை வந்தாள். வன்னியிலையிருந்து தப்பி வந்து ரெண்டு வருசம். தற்காலிக விசா. பொலிசிலை சின்னப் பிரச்சினை எண்டாலும் திருப்பிக் கொழும்புக்கு ஏத்திப்போடுவாங்கள் எண்ட பயத்திலை, ஆளில்லாத றோட்டையும் பச்சை விளக்கு வராமல் கடக்க மாட்டாள்.

பஸ் நிலையத்திலை அவளுக்காக நிக்கேக்கை தம்பி போன் எடுத்தான். "அண்ணை, சாமான் மச்சாளிட்டை வருது. மிளகாய்த்தூள் பக்கெட்டுக்குள்ளை வைச்சு ஒட்டினனான். அவவுக்குச் சொல்லேல்லை, பயப்பிடுவா."

"அட மடையா! அவளின்ரை விசா என்னெண்டு தெரியுமெல்லே?"

"ஒரு இரும்புத் துண்டுதானே அண்ணை."

உடனை அவளுக்குப் போன் அடிச்சன். "அத்தான், எல்லையிலை பஸ்ஸை மறிச்சிட்டாங்கள். நாயோடை ஏறுறாங்கள்" எண்டாள். போன் அறுந்திட்டுது. பிறகு எத்தினை தரம் அடிச்சும் எடுக்கேல்லை.

பஸ் வாற நேரம் தாண்டி ஒரு மணித்தியாலம். மனுசி வீட்டிலையிருந்து, "வந்திட்டாளோ? சோறு ஆறுது" எண்டு கேட்டாள். பஸ் சுணங்குதெண்டு சொன்னன். கோப்பி குடிச்சுக்கொண்டு நிண்ட ரெண்டு பொலிஸ்காரர் என்னையே பாக்கிற மாதிரி இருந்திது. முருகா, அவளை முழுசாக் கொண்டுவந்து சேர்.

பஸ் வந்திது. கடைசி ஆளா இறங்கினாள். முகத்திலை இரத்தமில்லை. பையை வாங்கப் போனன், தரேல்லை.

"பக்கெட்டைத் திறந்தவங்களோ?" எண்டு கேட்டன்.

"இல்லை. நாய் மணந்திட்டுத் தும்மினது. சிரிச்சுக்கொண்டு இறங்கிப் போட்டாங்கள்." அவள் சிரிக்கேல்லை. "பக்கெட் என்ரை மடியிலை இருந்தது. தடவின உடனை விளங்கிட்டுது, அத்தான். எங்களைக் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் அதைத் துவக்கிலை பூட்டப் பழக்கினவங்கள்."

எங்களை. வன்னியிலை தையல் படிப்பிச்சனான் எண்டுதான் அவள் எங்களுக்கும் விசாக்காரருக்கும் சொல்லியிருந்தது.

"அக்காவுக்கும் தெரியாது. சொல்லிப் போடாதேங்கோ."

வெக்கத்திலை நான் தலையிலை கையை வைச்சுச் சத்தியம் பண்ணப் போனன். அவள் கையைப் பிடிச்சு மறிச்சாள்.

"வேண்டாம் அத்தான். ஒளிச்சிருந்த என்னை இயக்கத்துக்குக் காட்டிக் குடுத்தவரும் சத்தியம் பண்ணினவர்தான்."